ஆள் எண்ணாத வேன்

அதிகாலை 4.40. விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் வேன் வந்து நின்றது. திருவரங்கம், மலைக்கோட்டை, உறையூர், திரும்பும் வழியில் சமயபுரம் என்று ஒரே நாளில் நான்கு இடம். தலைக்கு 1,350 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாடு அதற்குள் அடக்கம். ஏற்பாடு செய்தவர் எங்கள் தெருச் சங்கத் தலைவர் பாஸ்கரன். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் பைக்கை எடுக்கிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருவரும் வரமாட்டார். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

பாஸ்கரனிடம் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குப் போகிறவர்களைத் தலை எண்ணக் கூடாது என்பார். எண்ணினால் கண்பட்டுவிடுமாம், போன ஆளில் ஒன்று குறையுமாம். அதனால் வேன் கிளம்பும்போதெல்லாம் முன்னால் எழுந்து நின்று, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பார். மொத்த வேனும் "ஏறியாச்சு!" என்று கத்தும். அப்புறம் "ரெங்கா! ரெங்கா!" என்று ஒரு கோஷம், ஓட்டுநர் கியரைத் தட்டுவார். நான் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்ப்பவள். ஒரு காற்புள்ளி குறைந்தாலும் விடமாட்டேன் என்று பெயர் எடுத்தவள். பட்டியலில் பதினான்கு பெயர் இருந்தது எனக்குத் தெரியும். இருந்தும் முதல் தடவையே எல்லோரோடும் சேர்ந்து கத்தினேன். கத்துவதற்கு நன்றாகத்தான் இருந்தது.

காலை 6.30. பெரம்பலூருக்கு முன்னால் தேநீர், 15 ரூபாய். என் பக்கத்தில் வந்து நின்றவர் சிவராமன் சார். எங்கள் தெருவின் கடைசி வீடு, ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர், மனைவி காலமாகி நான்கு வருடம் ஆகிறது. போன வருடம் லேசாகப் பக்கவாதம் வந்து இடது கால் சற்று இழுக்கும். வலது காதில் கருவி. வேனில் வாசல் ஓரத்து ஒற்றைச் சீட்டு அவருடையது, அதற்கு நேர் பின்னால் நான்.

"நூத்தி எட்டு கிலோமீட்டர் வந்திருக்கோம்மா" என்றார், மைல்கல்லைப் பார்க்காமலே. பிறகு தேநீரை ஊதிக்கொண்டே, "இன்னிக்கு எனக்குப் பரீட்சை, தெரியுமா?" என்று சிரித்தார்.

பாண்டிச்சேரியில் இருக்கும் மகள் நித்யா, முதியோர் இல்லத்தில் அவருக்கு ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறாளாம். இவருக்கு வீட்டை விட மனமில்லை. ஒரு மாதம் வாக்குவாதம் நடந்து, கடைசியில் ஓர் உடன்படிக்கை.

"துணை இல்லாம ஒரு நாள் வெளியூர் போயிட்டு, பிரச்சனை எதுவும் இல்லாம வந்து காட்டுங்கப்பா, அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்னு சொல்லியிருக்கா. சொன்னதைச் சொன்னபடி செஞ்சா பாஸ். அவ்வளவுதானே?"

"நீங்க டிஸ்டிங்ஷன் வாங்குவீங்க சார்" என்றேன்.

காலை 8.05. ராஜகோபுரத்துக்கு முன்னால் இறங்கினோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அதன் கீழே இளநீர்க்காரர், துளசி மாலை விற்கும் பெண்கள், டவுன் பஸ், இரண்டு மாடுகள் எல்லாமே தத்தம் வேலையாக இருந்தன. கோயிலுக்குள் போன் கூடாது என்பதால், பாஸ்கரனின் மனைவி வசந்தி ஒரு மஞ்சள் பையைப் பிடிக்க, எல்லோரும் போனை அதில் போட்டோம். செருப்பும் வேனிலேயே. ஓட்டுநர் செல்வம் தென்னூரில் பிறந்து வளர்ந்தவர், விழுப்புரத்தில் பெண் எடுத்தவர். "தெக்குப் பக்கம் ரொம்ப நேரம் நிக்க விடமாட்டாங்க. நீங்க சேவிச்சுட்டு வாங்க, நான் எங்கயாச்சும் போட்டுட்டு வந்து சொல்றேங்க" என்றார்.

வரிசையில் இரண்டரை மணி நேரம். திருவரங்கத்துக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே நடப்பவர் நீங்கள் இல்லை. கூட்டம் நடக்கும், நீங்கள் அதற்குள் இருப்பீர்கள். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெண்மணி ஏதோ ஒரு தூணில் கை வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்தவரும் ஒற்றிக்கொண்டார். என் முறை வந்தபோது அந்தக் கல் எண்ணெய் பிசுக்கோடு சூடாக இருந்தது. நானும் ஒற்றிக்கொண்டேன். எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

பெரிய பெருமாளை மூன்று விநாடி பார்த்தோம். சிவராமன் சார் அழுதார். வெளியே வந்ததும் அவருடைய கால் நடுங்கத் தொடங்கியது.

காலை 10.50. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தின் பக்கம் நிழலான ஓர் இடத்தில் பாஸ்கரன் அவரை உட்கார வைத்தார். நான் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். அவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் சொல்கிறேன்.

"தாயார் சன்னதி அந்தக் கோடி சார், நடை ஜாஸ்தி. நீங்க இங்கேயே உக்காருங்க. நாங்க தாயாரைப் பாத்துட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போறோம். இந்த இடத்தை விட்டு மட்டும் நகராதீங்க."

"நகரவே மாட்டேன்" என்றார் சிவராமன் சார். மாணவனைப் போலக் கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டார்.

தாயார் சன்னதிக்கு முன்னால் தரையில் ஐந்து குழிகள் உண்டு. ஐந்து விரலையும் அவற்றில் ஊன்றிக் குனிந்து தெற்கே பார்த்தால் பரமபத வாசல் தெரியும் என்பார்கள். எங்கள் பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். வசந்தி "தெரியுது!" என்றார். அடுத்தவர் "ஆமா, தெரியுது, தெரியுது!" என்றார். நான் குனிந்தபோது ஒரு தூணும் யாரோ ஒருவருடைய வேட்டியும்தான் தெரிந்தன. பின்னால் ஐந்து பேர் காத்திருந்தார்கள். "தெரியுது" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவ்வளவு சின்னப் பொய்க்குப் பெரிய விலை எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

அந்தக் கலகலப்பில் செல்வம் வந்து சேர்ந்தார். வேன் வடக்கு வாசலுக்கு வெளியே நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள், எடுக்கச் சொல்லிச் சத்தம் போடுகிறார்கள் என்றார். தாயார் சன்னதியிலிருந்து வடக்கு வாசல் பக்கம்தான். முன்னால் இருந்த நான்கு பேர் நடந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் தொடர்ந்தோம். ஆயிரங்கால் மண்டபம் எங்களுக்குக் கிழக்கே இருந்தது.

காலை 11.40. வேன். எனக்கு முன்சீட்டில் ஆள் இல்லை. துளசி மாலைப் பையும் யாரோ வாங்கிய பூக்கூடையும் இருந்தன. அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். கழுத்தை நீட்டிப் பார்த்திருக்கலாம்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு!"

என் குரல் அதில் இருந்தது. எல்லோரும் சொன்னதால் எனக்கு நம்பிக்கை வந்தது. நான் சொன்னதால் இன்னொருவருக்கு நம்பிக்கை வந்திருக்கும். யாருமே பார்க்கவில்லை. வசந்தி மஞ்சள் பையிலிருந்து போன்களைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு போன் மிஞ்சியது. "யாராச்சும் கேப்பாங்க" என்று தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். வேன் காவிரிப் பாலம் ஏறியது. ஆற்றில் மணல்தான் அதிகம், தண்ணீர் நடுவில் இரண்டு கோடாக ஓடியது.

பகல் 12.15 முதல் 1.45 வரை மலைக்கோட்டை. நானூற்றுச் சொச்சம் படிகள். உச்சிப் பிள்ளையாரிடமிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும். வடக்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவே திருவரங்கத்துக் கோபுரங்கள். எல்லோரும் அந்தத் திசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். சிவராமன் சார் வேனில் இருப்பதாக நாங்கள் நினைத்தோம். அவரும் மலை ஏறிவிட்டதாகச் செல்வம் நினைத்தார்.

பிற்பகல் 2.10. தென்னூரில் செல்வத்துக்குத் தெரிந்த ஒரு மெஸ். சாப்பாடு 120 ரூபாய். ரசம் பிரமாதம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது வசந்தியின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் "மகள் நித்யா" என்று இருந்தது. வசந்திக்கு மகள் கிடையாது.

போன் அடித்து ஓய்ந்தது. செல்வம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார் மலை ஏறிட்டாருன்னுல்ல நெனச்சேன். பரவாயில்லையே, கால் சரியாயிடுச்சேன்னு சந்தோஷப்பட்டேங்க."

"உடனே போகணும்" என்றேன் நான். இதைச் சொன்னேன் என்பதை எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான் சொன்னேன் என்பதையும்.

பாஸ்கரனின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சுற்றி இருந்தவர்கள் மெல்ல மெல்ல அவருக்கு நிறம் கொடுத்தார்கள். ஒருவர், கோயிலுக்குள்ளேதானே இருக்கிறார், எங்கே போய்விடப் போகிறார் என்றார். இன்னொருவர், திரும்பும் வழிதானே என்றார். வசந்தி, "உறையூர் புடவைக் கடை இங்கதான் இருக்கு. அரை மணி நேரம். இல்லன்னா இதுக்குன்னு மறுபடி வரணும்" என்றார். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். பார்த்த முகம் எதிலும் பதற்றம் இல்லை, ஏனென்றால் அந்த முகமும் இன்னொரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மோர் வந்தது. குடித்தோம்.

"நான் மட்டும் ஓடிப்போய்க் கூட்டியாந்துடறேங்க" என்றார் செல்வம்.

"அப்ப நாங்க வெயில்ல நிக்கவா?" என்றது ஒரு குரல். செல்வம் அடங்கிவிட்டார்.

நான் கைகழுவிவிட்டுத் தெருவுக்கு வந்தேன். வாசலிலேயே ஆட்டோ நின்றது.

"ஸ்ரீரங்கம் போகணும்" என்றேன்.

"உக்காருங்க. இருநூத்தம்பது குடுங்க. இருபது நிமிஷத்துல விட்டுடறேன்" என்றார் அவர்.

என்னிடம் பணம் இருந்தது. ஒரு காலை ஆட்டோவில் வைத்துவிட்டேன். அப்போது வேனிலிருந்து, "மேடம், என்ன தனியா? வாங்க, கிளம்பறோம்!" என்று குரல் வந்தது. திரும்பினால் எல்லா ஜன்னலிலும் தலைகள். யாரும் கோபப்படவில்லை, மிரட்டவில்லை. வெறுமனே பார்த்தார்கள். ஏன் இவள் மட்டும் இப்படி என்று பார்த்தார்கள். எட்டு கிலோமீட்டர்கூட இல்லாத தூரம். காலைக் கீழே எடுத்தேன்.

"வரலிங்களா?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லங்க, வேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினேன்.

பிற்பகல் 3.00, உறையூர். தெருவுக்குள் போனால் சில வீடுகளில் இன்னும் தறிச் சத்தம் கேட்கிறது. அரை மணி என்றது ஐம்பது நிமிடம் ஆனது. ஒருவர் புடவையைப் பிரித்தால் எல்லோரும் பிரித்தார்கள், ஒருவர் எடுத்தால் எல்லோரும் எடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்தேன். மாம்பழ நிறம், பச்சைக் கரை, 1,150 ரூபாய். எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள். நானே கேட்டுச் சலித்துவிட்டேன். ஒரு மனிதர் பங்குனி வெயிலில் எங்களுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தே கரையின் அகலத்தை விரலால் அளந்தேன்.

அப்போது மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாக வேண்டும். வசந்தி மடியில் பிரித்த புடவையோடு எடுத்தார். பதறிவிட்டார், பாவம். பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அப்பா கூட்டத்துல வழி தவறிட்டாரும்மா. தேடிக்கிட்டேதான் இருக்கோம். நீ பயப்படாத, கெடச்சிடுவாரு."

கடைக்காரர் அடுத்த புடவையைப் பிரித்துப் போட்டார். நாங்கள் ஒருவரும் வசந்தியைத் திருத்தவில்லை.

மாலை 4.30. ஆயிரங்கால் மண்டபம். சிவராமன் சார் அதே இடத்தில், அதே மாதிரி கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி நாற்பது நிமிடம். காலையில் நிழலாக இருந்த அந்த இடத்தில் இப்போது சாய்ந்த வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் திருமண் இட்ட ஒருவர், கோயில் கைங்கரியக்காரர், விசிறியோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்தது.

"நீங்கதான் இவரோட மனுஷாளா? கார்த்தாலேர்ந்து இங்கேயேதான் இருக்கார். அந்தண்டை நிழல்ல வந்து உக்காருமேன்னேன். மாட்டேன்னுட்டார். இங்கதான் இருக்கச் சொல்லியிருக்கான்னார். ததியோன்னப் பிரசாதம் குடுத்தேன், ரெண்டு வாய் சாப்ட்டார். தீர்த்தம் வேண்டவே வேண்டாம்னுட்டார். குடிச்சா எழுந்து போக வேண்டி வருமாம்."

சிவராமன் சார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நகரலை" என்றார். எழுந்தார். இடது கால் மரத்துப்போயிருந்தது. இரண்டடி வைத்ததும் மடிந்து, கல் தரையில் முழங்கால் மோத விழுந்தார். வேட்டியில் ரத்தம் பரவியது.

உத்திர வீதியில் ஒரு மருந்துக் கடையில் கட்டுப் போட்டார்கள், 90 ரூபாய். பாஸ்கரனே கொடுத்தார், இளநீரும் வாங்கிக் கொடுத்தார், அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்த நிமிடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வாய் எடுத்ததுபோலத்தான் எனக்குப் பட்டது. ஆனால் வசந்தி, "அவர் பொண்ணு வீட்டுக்கு வந்து காத்துக்கிட்டு இருக்காளாம்" என்றார். பாஸ்கரன் வாயை மூடிக்கொண்டார்.

மாலை 5.10. புறப்பட்டோம். எட்டு மணிக்குள் ஊர் போக வேண்டும் என்பதால் சமயபுரத்தில் நிற்கவில்லை. சுங்கச்சாவடி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து ஒரு பெருமூச்சு: "அம்மனைப் பாக்கக் குடுத்து வைக்கல." யாரால் என்று சொல்லவில்லை. தேவையில்லை, எல்லோரும் அந்த ஒற்றைச் சீட்டைப் பார்த்தார்கள்.

பிறகு கதை வளரத் தொடங்கியது. என் தொழிலில் ஒரு பிழை எப்படிப் பரவும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் தப்பாக அடித்ததைப் பார்த்து அடுத்தவர் அடிப்பார், கடைசியில் சரியானது தப்பாகத் தெரியும். முதலில் ஒருவர், "வடக்கு வாசலுக்கு வாங்கன்னு சொன்ன மாதிரி ஞாபகம்" என்றார். அடுத்தவர், "சொன்னாரே, கைகூடக் காட்டினாரே" என்றார். பாடாலூர் வருவதற்குள் பாஸ்கரனே, "ரெண்டு தடவை சொன்னேன் சார், கூட்டத்துல உங்களுக்குக் கேக்கல போல" என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்துக்குள் அவருக்கே அது ஞாபகமாகிவிட்டது. அதுதான் பயங்கரம்.

சிவராமன் சார் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார். காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்படியா சொன்னீங்க? நகராதீங்கன்னு சொன்னதாத்தான் என் காதுல..."

"சே சே, நகராதீங்கன்னு ஏன் சார் சொல்லப் போறேன்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பக்கத்துல நின்னீங்களேம்மா."

"ரொம்பச் சத்தமா இருந்துச்சு சார், எனக்கும் சரியா..." என்று இழுத்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே வயல்கள் போய்க்கொண்டிருந்தன.

இரவு 7.50. எங்கள் தெரு. சிவராமன் சார் வீட்டு வாசலில் கார் நின்றது. நித்யா ஓடி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அப்பாவின் முழங்கால் கட்டைப் பார்த்ததும் மறுபடி அழுதாள். கெட்ட பெண் இல்லை. அப்பா எங்காவது விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்ற பயத்திலேயே ஒரு வருடமாகத் தூங்காதவள்.

"என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள்.

நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தது. கூட்டம், வடக்கு வாசல், இரண்டு தடவை சொன்னோம், அப்பாவுக்குக் கேட்கவில்லை, தேடித் தேடி அலைந்தோம்.

சிவராமன் சார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எனக்கு என்னவோ அங்கயே இருக்கச் சொன்னதாத்தான் நல்லா ஞாபகம்மா" என்று மகளிடம் தயங்கிச் சொன்னார். "இவங்க பக்கத்துல இருந்தாங்க. இவங்ககிட்ட கேளு. இவங்க சொன்னா சரியா இருக்கும்."

நித்யா என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க ஆன்ட்டி. அப்பாகிட்ட என்ன சொன்னாங்க?"

நாளைக் காலையிலும் நான் இதே தெருவில் பால் வாங்க வேண்டும், இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் எண்ணினேன்.

"வடக்கு வாசல்னுதாம்மா சொன்னாங்க" என்றேன்.

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பாடாலூரிலிருந்து தன் மூளையைத் தானே சோதித்துக்கொண்டு வந்த மனிதருக்கு ஒருவழியாக விடை கிடைத்துவிட்டது.

"அப்ப எனக்குத்தான் ஞாபகம் தப்பிப்போச்சு" என்றார் மகளிடம். "நீ பாத்து வெச்ச இடத்துக்கே போயிடறேன்மா. இனிமே நான் தனியா இருக்கறது சரியில்ல."

பிறகு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "ரொம்ப தேங்க்ஸ்மா. நீங்க சொன்னப்புறம்தான் நிச்சயமாச்சு" என்றார். கட்டுப் போட்ட காலைக் கையால் தூக்கி வைத்துக் காரில் ஏறினார்.